கூடத்தில் ஐந்து கோடு

திருவண்ணாமலை
11.11.2009, புதன்கிழமை

சிரஞ்சீவி அருண்பிரசாத்துக்கு அம்மா தனம் எழுதுவது. அண்ணாமலையார் உண்ணாமுலையம்மன் கிருபையில் நாங்கள் இருவரும் இருக்கிறோம். நலம் என்று எழுதத்தான் கை போனது. அப்பாவை இந்த நிலைமையில் வைத்துக்கொண்டு அந்த வார்த்தையை எழுதக் கூசுகிறது, அதனால் இருக்கிறோம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். நீயும் ரேவதியும் குழந்தை கவிநிலாவும் அந்த ஊர்க் குளிரில் சௌக்கியமாக இருக்க தினம் விளக்கேற்றும்போது சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். உறையில் விபூதிப் பொட்டலம் வைத்திருக்கிறேன், குழந்தை நெற்றியில் கொஞ்சமாக இடவும், ஜாஸ்தி போட்டால் கண்ணில் விழும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில், "என்னம்மா, ஒரு வைஃபைகூடவா சரி பண்ண முடியல, ஏழு மாசமா இதையே சொல்றீங்க" என்று கேட்டாய். கேட்டதில் தப்பில்லை. ஆனால் அதற்குப் பதில் போனில் அடங்காது. நீ அவசரத்தில் இருப்பாய், நான் சொல்ல ஆரம்பித்தால் பால் பொங்கிவிடும், அதனால் எழுதுகிறேன். இந்த ஏழு மாதமும் நடந்ததை மளிகைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன். அதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன், ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை.

வீடு உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் ஏழு வருஷத்தில் இரண்டு தடவை வந்தவனுக்கு மறந்திருக்கும் என்பதால் சொல்கிறேன். தெருக்கதவைத் திறந்தால் கூடம், கூடத்தைத் தாண்டினால் முற்றம், முற்றத்துக்கு அந்தப்பக்கம் பூஜை அறை, அப்புறம் சமையலறை, கடைசியில் பின்கட்டு அறை. டெலிபோன் கம்பி தெருவிலிருந்து வருவதால் மோடம் கூடத்தில். குளியலறை பின்னால் இருப்பதால் அப்பா பின்கட்டில். நடுவில் நாற்பத்திரண்டு அடி, நான்கு சுவர், ஒவ்வொரு சுவரும் என் முழங்கைக்கு மேல் தடிமன். அந்தக் காலத்தில் உன் தாத்தா வெயிலும் திருடனும் வராமல் கட்டினார், இப்போது நீயும் வரமாட்டேன் என்கிறாய், அதாவது உன் படம். சித்திரையில் அப்பாவுக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்ததிலிருந்து அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான், உன் முகத்தைப் பார்க்க வேண்டும். டாக்டர் என்னைத் தனியாக வெளியே கூப்பிட்டு, இன்னொரு தடவை வந்தால் தாங்கமாட்டார், பார்க்க வேண்டியவர்களைப் பார்க்கச் சொல்லுங்கள் என்றார். இதை உனக்கு அப்போதே சொன்னேன். நீ லீவு கிடைக்காது, வீடியோவில் வருகிறேன் என்றாய். வீடியோ வரவேண்டும் என்றால் கம்ப்யூட்டர் மூலையில் ஏணிப்படி மாதிரி சின்னச் சின்னக் கோடுகள் தெரியவேண்டும், ஐந்து கோடு இருந்தால் முழு சிக்னல், குறைந்தது மூன்று இருந்தால்தான் முகம் வரும் என்று மாடியில் குடியிருக்கும் மதிவதனி சொல்லிக் கொடுத்தாள். கலெக்டர் ஆபீசில் தற்காலிக வேலை பார்க்கிற பெண், பொறுமைசாலி. கூடத்தில் ஐந்து கோடு. அப்பா தலைமாட்டில் ஒன்று, அதுவும் வந்து வந்து போகும்.

முதலில் நான் செய்தது, நீ விட்டுவிட்டுப் போன லேப்டாப்பை இடுப்பில் பிள்ளையைத் தூக்கிச் சோறூட்டுகிற மாதிரி தூக்கிக்கொண்டு வீடு முழுக்க நடந்து, எந்த இடத்தில் எத்தனை கோடு என்று குறித்ததுதான். வீட்டின் படத்தைப் போட்டு, அடிக்கு ஒரு புள்ளி வைத்து, ஒவ்வொரு புள்ளிக்குப் பக்கத்திலும் கோட்டின் எண்ணிக்கையை எழுதினேன். பார்த்தால் வாசலில் போடுகிற புள்ளிக்கோலம் மாதிரியே இருந்தது, சேர்க்கத்தான் முடியவில்லை. காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை. பௌர்ணமி அன்று கிரிவலக் கூட்டம் வரும்போது மட்டும் எல்லா இடத்திலும் ஒன்று கம்மியாகிறது. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை, பத்து லட்சம் பேர் சுற்றினால் அலை எப்படிப் போகும் என்று ஜோதியம்மாள் கேட்டாள், பக்கத்து வீட்டுக்காரி, அவளுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு பதில் இருக்கும்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் தருமனைக் கூப்பிட்டேன். நல்ல பிள்ளை, வேலையில் பழுது சொல்ல முடியாது, வாய்தான் கொஞ்சம். அவன் மோடத்தை உயரத்தில் வைக்கவேண்டும் என்றான், பரண்மேல் வைத்தோம். மூன்றாம் நாள் எலி கம்பியைக் கடித்துவிட்டது. உயரமாகவும் இருக்கவேண்டும், எலியும் வரக்கூடாது, வீட்டுக்கு நடுவிலும் இருக்கவேண்டும் என்று யோசித்ததில் பூஜை அறைதான் தோன்றியது. தருமன் நீளக் கம்பி இழுத்து, சாமி அலமாரியின் மேல்தட்டில் மோடத்தை வைத்தான். எனக்கும் மனசுக்கு இதமாக இருந்தது, பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டு ஒரு ஜோதி மாதிரி. போய்ப் பார்த்தால் அப்பா தலைமாட்டில் இருந்த ஒரு கோடும் போய்விட்டது. தருமன் சுற்றிப் பார்த்துவிட்டு, பின்பக்கச் சுவர் முழுக்க வெள்ளித் தகடு அடித்த படமும் பித்தளை விளக்கும் இருக்கிறது, உலோகம் அலையைத் தடுக்கும், சாமியை நகர்த்த முடியுமா என்றான். மோடத்தை நகர்த்து என்றேன். சரஸ்வதி பூஜைக்கு இரண்டு நாள்தான் இருந்தது, முடிந்ததும் நகர்த்தலாம் என்று ஒத்திப் போட்டோம். அங்கேதான் தப்பு நடந்தது, தப்பு என்னுடையது. பூஜை அன்று வழக்கம்போல மிக்ஸி, தையல் மிஷின், உன் பழைய சைக்கிள் எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தேன். இவ்வளவு பாடுபடுகிற மோடத்துக்கு மட்டும் வைக்காமல் விட்டால் நன்றாக இருக்காது என்று அதற்கும் தாராளமாக வைத்து, அதன் ஏரியல் கொம்பில் ஒரு முழம் சாமந்தி சுற்றினேன். சந்தனம் கொஞ்சம் நீர்த்துவிட்டது போலிருக்கிறது. கற்பூரம் காட்டும்போது மோடத்தின் பச்சை விளக்கு அணைந்தது, அப்புறம் எரியவில்லை. தருமன் வந்து முகர்ந்து பார்த்து, "எங்க கடையிலயும் எல்லாத்துக்கும் பொட்டு வச்சோம்மா, ஆனா ஓட்டைல வைக்கல" என்றான்.

புது மோடம் வாங்கி மறுபடியும் கூடத்திலேயே வைத்தோம். அப்புறம் ஒரு நாள் தருமன் முற்றத்தில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டே மேலே பார்த்தான். குடிப்பதை நிறுத்திவிட்டான். மலையிலிருந்து இறங்கி வருகிற குரங்குக்காக அப்பா முற்றத்துக்கு மேலும் பின்கட்டு ஜன்னல்களிலும் இரும்பு வலை அடித்து வைத்தது உனக்கு ஞாபகம் இருக்கும், உன் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டைக் குரங்கு கிழித்ததற்கு அடுத்த வாரம் அடித்தது. "யம்மா, இது வீடு இல்ல, கூண்டு. கூண்டுக்குள்ள அலை எப்படிப் போவும்?" என்றான். அப்பாவிடம் கேட்டேன். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டதிலிருந்து அவர் பேசுவது எனக்கு மட்டும்தான் விளங்கும். பிரிச்சிடு என்றார். அவர் ஏணி போட்டு நின்று தன் கையால் ஆணி அடித்த வலை, அவர் கண்ணெதிரே பிரித்தோம். உண்மையைச் சொல்கிறேன், பலன் இருந்தது. தலைமாட்டில் இரண்டு கோடு, அசையாமல்.

குரங்கு நான்காம் நாள் வந்தது. நான் இட்லியைக் கட்டில் பக்கத்து ஸ்டூலில் வைத்துவிட்டுச் சட்னி எடுக்கப் போனேன், திரும்பி வந்தால் கட்டிலின் கால்மாட்டில் ஒரு பெரிய கடுவன் உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பிட்டு நிதானமாகத் தின்கிறது. அப்பாவால் எழ முடியாது, சத்தம் போட முடியாது, அதையே பார்த்துக்கொண்டு கிடக்கிறார். அதுவும் அவரைப் பார்த்துக்கொண்டே தின்கிறது. நான்கு இட்லியும் தீர்ந்த பிறகுதான் என் துடைப்பத்துக்கு எழுந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் மெதுவாக, "வுடு தனம். இவனாவது நேர்ல வந்தான்" என்றார். இதை உனக்குச் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. கணக்கில் ஒரு வரியை விட்டால் கூட்டுத்தொகை வராது என்பதால் எழுதிவிட்டேன்.

இரண்டை மூன்றாக்க வழி மதிவதனிதான் கண்டுபிடித்தாள். மோடத்துக்குப் பின்னால் அலுமினியப் பாத்திரம் எதையாவது நிறுத்தினால் அலை தெருப்பக்கம் வீணாகாமல் உள்பக்கம் திரும்பும் என்று எங்கேயோ படித்திருக்கிறாள். வாணலி, தாம்பாளம், இட்லித் தட்டு என்று ஆறு பாத்திரம் வைத்துப் பார்த்தோம், எல்லாவற்றையும் நோட்டில் எழுதியிருக்கிறேன், கடைசியில் சோறு வடிக்கிற பெரிய வடிதட்டுதான் கைகொடுத்தது. மூன்று கோடு. அக்டோபர் இருபத்தைந்தாம் தேதி, ஞாயிறு காலை ஏழு மணிக்கு உன் முகம் வந்தது. உனக்கு அது சனிக்கிழமை ராத்திரி. வந்தது, கண் பாதி மூடி, வாய் கொஞ்சம் திறந்தபடி வந்து, அப்படியே நின்றுவிட்டது. குரலும் இல்லை. நான் எதையாவது அமுக்கலாமா என்று கையை நீட்டினேன், அப்பா தலையை ஆட்டினார். "தூங்கறான். எழுப்பாத" என்றார். தூங்கவில்லை, படம் நின்றுவிட்டது என்று எனக்குத் தெரியும், ஒருவேளை அவருக்கும் தெரிந்திருக்கும். பதினோரு நிமிஷம் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன வயதில் வேலை முடிந்து வந்து, நீ தூங்கும்போது அப்படித்தான் நின்று பார்ப்பார், நீ அதைப் பார்த்திருக்க வழியில்லை. அப்புறம் படம் போய்விட்டது.

அந்த வடிதட்டை நான் அதற்கென்றே ஒதுக்கியிருக்கலாம். ஒதுக்கினேன் என்றுதான் வைத்துக்கொள், இரண்டு வாரம் சோற்றைக் கஞ்சியோடு பொங்கித்தான் சாப்பிட்டோம். ஆனால் வலை பிரித்த வழியாக வந்த அதே கடுவன், நவம்பர் எட்டாம் தேதி காலை ஆறரை மணிக்கு, கூடம் வரைக்கும் வந்து, மோடத்தை விட்டுவிட்டு வடிதட்டை மட்டும் தூக்கிக்கொண்டு போய்விட்டது. இப்போது அது ஜோதியம்மாள் வீட்டு மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிமேல் கிடக்கிறது, அவள் வீட்டில் டி.வி. நன்றாகத் தெரிவதாகச் சொல்கிறாள். அன்றைக்குத்தான் நீ அந்தக் கேள்வியைக் கேட்டாய்.

இப்போது நீ கேட்கப்போவதையும் நானே எழுதிவிடுகிறேன். தருமன் முதல் நாளே கேட்டான், மதிவதனி கேட்டாள், டாக்டரும் ஊசி போட்டுக்கொண்டே கேட்டார். கம்பியை இழுத்து, பரண் ஏறி, வலை பிரித்து இவ்வளவு அவதிப்படுவதற்குக் கட்டிலைத் தூக்கிக் கூடத்தில் போட்டால் என்ன. தருமனிடம் குளியலறை தூரம் என்றேன். மதிவதனியிடம் தெருத் தூசி ஆகாது என்றேன். டாக்டரிடம் பஸ் சத்தத்தில் தூங்கமாட்டார் என்றேன். மூன்றும் பொய் இல்லை, மூன்றும் காரணமும் இல்லை. உன் தாத்தாவைப் பின்கட்டிலிருந்து கூடத்துக்குக் கொண்டுவந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, போனது வியாழக்கிழமை. உன் பாட்டிக்கு ஒரு ராத்திரிகூட ஆகவில்லை. நான் இந்த வீட்டுக்கு வந்து முப்பத்தைந்து வருஷத்தில் படுத்த மனுஷர் யாரும் கூடத்துக்கு வந்து திரும்பிப் பின்கட்டுக்குப் போய் நான் பார்த்ததில்லை. கீழ்பென்னாத்தூர் தங்கம்மாள் அத்தை, உன் அப்பாவின் அக்கா, சித்திரையிலிருந்து எப்போது போன் பண்ணினாலும் எப்படி இருக்கிறான் என்று கேட்பதில்லை, "கூடத்துக்கு எடுத்தாந்துட்டீங்களா?" என்றுதான் கேட்கிறார்கள். இல்லை என்று சொல்லிச் சொல்லி அதுதான் எனக்குத் தெம்பு. சிக்னலை அவரிடம் கொண்டுபோவேனே தவிர, அவரைச் சிக்னலிடம் கொண்டுபோகமாட்டேன் என்று அம்மன் சன்னதியில் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். நீ படித்தவன், சிரிப்பாய். சிரித்துக்கொள்.

ஆகவே ஒரே ஒரு உதவி. வாங்கிய அலையை அங்கங்கே நின்று மறுபடியும் தள்ளிவிடுகிற கருவி ஒன்று உங்கள் ஊரில் நல்லதாகக் கிடைக்கிறதாம். தருமன் அதன் பெயரைத் தனித் தாளில் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தான், வைத்திருக்கிறேன். வீட்டின் படத்தையும் புள்ளிகளோடு வைத்திருக்கிறேன், சமையலறை வாசலில் அதை மாட்ட இடம் சிவப்பு மையில் குறித்திருக்கிறேன். யாராவது வருகிறவர்களிடம் கொடுத்தனுப்பவும். தீபத்துக்கு முன்னால் வந்தால் நல்லது, தை வரை தள்ளிப்போடாதே.

ரேவதிக்கு என் ஆசி. கவிநிலாவுக்குத் தாத்தாவின் ஆசியும், தலையில் கைவைத்துச் சொன்னதாக நினைத்துக்கொள்ளச் சொல். அவர் இடது கையால் இந்தத் தாளைத் தொட்டுக் கொடுத்தார், மேலே மஞ்சள் கறை மாதிரி இருப்பது அதுதான், மருந்து. அண்ணாமலையார் உன்னை எந்தக் குறையுமில்லாமல் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா,
தனம்

பி.கு. 23.11.2009, திங்கள். ஒட்டி வைத்த கடிதம் தபாலாபீசுக்குப் போக ஆள் இல்லாமல் அலமாரியிலேயே கிடந்தது, அதனால் பிரித்து இதையும் எழுதுகிறேன். போன புதன்கிழமை அப்பா, அந்தக் கருவி வர எத்தனை நாளாகும் என்று கேட்டார். ஒரு மாதம் ஆகலாம் என்றேன். கட்டிலைத் தூக்கச் சொல் என்றார். அன்றைக்குத்தான் முதல்முதலாக உண்மைக் காரணத்தை அவரிடம் வாய்விட்டுச் சொன்னேன். அவர் வார்த்தைக்கு வார்த்தை நிறுத்தி நிறுத்தி, "எங்கப்பா கூடத்துக்கு வந்ததால சாவல தனம். சாவப்போறார்னு தெரிஞ்சுதான் நாம கொண்டாந்தோம். முன்னாடியே கொண்டாந்திருந்தா நாலு நாள் தெருவப் பாத்துட்டிருந்திருப்பார்" என்றார். எழுந்து போய்த் தருமனுக்குப் போன் போட்டேன். தருமன், பால்காரர் காசி, ஜோதியம்மாளின் இரண்டு மகன்கள், நான்கு பேர் தூக்கினார்கள். தூக்குவதற்கு நான்கு பேர் என்பதைப் பார்க்கச் சகிக்காமல் நானும் ஒரு காலைப் பிடித்து ஐந்தாக்கினேன். கூடத்தில் வந்து படுத்ததும் தலைமாட்டில் லேப்டாப்பை வைத்தோம். ஐந்து கோடு. வடிதட்டு இல்லை, கொம்பு திருப்பவில்லை, ஒன்றும் இல்லை.

வெள்ளிக்கிழமை தங்கம்மாள் அத்தை கொடியேற்றம் பார்க்கக் கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்தார்கள். கட்டிலை மாற்றியதை நான் அவர்களுக்குச் சொல்லவில்லை, என் தப்புதான். தெருவாசலில் நின்று கூடத்தில் கட்டிலைப் பார்த்ததும் பையை அங்கேயே போட்டுவிட்டு மார்பில் அடித்துக்கொண்டு, "என்ன பெத்த ராசா, எனக்கு முன்ன போயிட்டியேடா" என்று ஆரம்பித்துவிட்டார்கள். தெரு கூடிவிட்டது. ஜோதியம்மாள் பெரிய மகனை மாலை வாங்கவே அனுப்பிவிட்டாள். அப்பா கண்ணைத் திறந்து, "அக்கா, காபி குடிச்சியா?" என்றார். அந்தப் பேச்சு எனக்கு மட்டும் விளங்கும் என்று எழுதியிருந்தேன் அல்லவா, அன்றைக்கு எல்லோருக்கும் விளங்கியது. சித்திரைக்குப் பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். மாலை வந்துவிட்டது, திருப்பி எடுத்துக்கொள்ளமாட்டேன் என்கிறான் பூக்காரன், அண்ணாமலையாருக்குப் போட்டுவிட்டேன்.

நேற்று ஞாயிறு. ஐந்தரை மணிக்கே சவரம் பண்ணச் சொன்னார், பண்ணி, வெள்ளைச் சட்டை போட்டு, விபூதி இட்டு, தலையணையை நிமிர்த்தி உட்காரவைத்தேன். ஏழு மணியிலிருந்து ஒன்பது வரை ஐந்து கோடு, ஒரு நிமிஷம்கூடக் குறையவில்லை, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுதியிருக்கிறேன். திரையில் உன் பெயருக்குப் பக்கத்தில், நீ வந்திருப்பதைக் காட்டுகிற பச்சை விளக்கு வரவில்லை. மதிவதனி மாடியிலிருந்து வந்து எல்லாவற்றையும் சரிபார்த்து, நம் பக்கம் ஒரு கோளாறும் இல்லை என்றாள். போன் போட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். "தூங்கறான். எழுப்பாத" என்றார். இந்தத் தடவை படம்கூட இல்லை.

எனவே மேலே கேட்ட கருவியை அனுப்ப வேண்டாம். வாங்கியிருந்தால் உன் வீட்டிலேயே மாட்டிக்கொள், கம்மி அங்கேதான் போலிருக்கிறது. எந்த அறையில் எத்தனை என்று புள்ளி வைத்துக் குறித்தால் தெரிந்துவிடும், பெரிய வித்தை இல்லை, நான் கற்றுக்கொண்டதுதான். படத்தைப் பார்த்து வழியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். தெருக்கதவைத் திறந்தால் கூடம். கட்டில் அங்கேதான் இருக்கிறது, இனிமேல் அதைத் திரும்ப உள்ளே எடுத்துப்போவதாக இல்லை.